வாடைக் காற்றும் வீட்டுச் சைக்கிளும்



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். “வாடைக் காத்து அடிக்குது, வெளியே போகாதே” என்று நன்னிமார்கள் பிள்ளைகளைத் தடுப்பார்கள். “குளிர் முடியட்டும், அப்புறம் நடக்கலாம்” என்று அத்தாமார்கள் தங்கள் நடைப்பயிற்சியைத் தள்ளிவைப்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும். குளிர் முடிந்து பங்குனி வந்தால் வெயில் வந்துவிடும். பிறகு அந்த ஆண்டும் போய்விடும்.

திருச்சியில் வெளியே சென்று உடலை அசைக்க ஏற்ற காலம் மார்கழியும் தையும்தான். இந்த மாதங்களில் இரவில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கும். பகலில் 30-ஐ ஒட்டி நிற்கும். சித்திரை வைகாசியில் 38, 40 என்று கொளுத்தும் ஊரில், இப்படியான காலை வேளைகள் ஆண்டுக்கு இரண்டு மாதம் போலத்தான் கிடைக்கின்றன. அதைக் காற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் கழிப்பது பெரிய இழப்பு. காற்றின் போக்கைத் தெரிந்துகொண்டால் அதே காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு வந்து வீடு சேர்க்கும். அந்தக் கணக்கைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நம் ஊர்க் காற்று

தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். மார்கழி, தை மாதங்களில் திருச்சிக்கு வருவது பெரும்பாலும் வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குக் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் இது தலைகீழாக மாறும். அப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்துவரும் மேற்குக் காற்று அம்மியையும் தூக்கும் வேகத்தில் அடிக்கும்.

இந்த இரண்டில் குளிர்காலக் காற்று வேகம் குறைந்தது. ஆனாலும் சைக்கிளில் ஏறியதும் அதன் பலம் தெரிந்துவிடும். காரணம் எளிது. காற்று கொடுக்கும் எதிர்ப்பு, வேகம் கூடுகிற அளவுக்கு மட்டும் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் சைக்கிள் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத வேளையில் அவர் முகத்தில் படுவது 15 கிலோமீட்டர் வேகக் காற்று. எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அவர் முகத்தில் படுவது 30. அதே வேகத்தில் போக வேண்டுமானால் காற்றின் எதிர்ப்பை நான்கு மடங்கு தாங்கியாக வேண்டும். “பெடலை மிதிக்கிறேன், வண்டி நகரவே இல்லை” என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல.

அதே காற்று முதுகுப் பக்கம் வந்தால் நிலைமை வேறு. அவர் வேகமும் 15, காற்றின் வேகமும் 15 என்றால் அவர் முகத்தில் காற்றே படாது. காதில் இரைச்சல் நின்றுவிடும். செயின் ஓடும் ஓசையும் மரத்தில் கிளி கத்துவதும் தெளிவாகக் கேட்கும். குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவதன் பெரிய சுகம் இதுதான். அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று

உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்காற்றைச் சந்திக்க வேண்டும், களைத்த பிறகு பின்காற்று நம்மைத் தள்ள வேண்டும். இதுதான் முதல் விதி. பலர் அறியாமல் இதை மாற்றிச் செய்கிறார்கள். பின்காற்றில் பறப்பதுபோல் வெகுதூரம் போய்விட்டு, திரும்பும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நம் ஊரை வைத்தே பார்ப்போம். நகரத்திலிருந்து சைக்கிளில் மகிழ்ச்சியாகப் போய்வரப் பலரும் நினைக்கும் இடங்கள் மூன்று: ஸ்ரீரங்கம், கல்லணை, முக்கொம்பு. காவிரி இங்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. முக்கொம்பு நமக்கு மேற்கே, கல்லணை கிழக்கே, ஸ்ரீரங்கம் ஆற்றைத் தாண்டி வடக்கே.

வடகிழக்குக் காற்றுக் காலத்தில் முக்கொம்புக்குப் போனால் போகும்போது பின்காற்று; கரூர் சாலையில் கால் தானாகச் சுற்றும். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பினால், வெயில் ஏறிய நேரத்தில், பஸ்ஸும் லாரியும் விரையும் சாலையில், காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டியிருக்கும். குளிர்காலத்துக்கு அது ஏற்ற வழியல்ல. ஆடி மாத மேற்குக் காற்றுக்கு அது சரியான வழி.

மார்கழி, தையில் கிழக்கே போக வேண்டும். திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத் தோட்டங்களையும் வயல்களையும் ஒட்டிப் போகிறது. போகும்போது காற்று முன்னிடப் பக்கமிருந்து வரும்; சற்றுச் சிரமம்தான். திரும்பும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும். கல்லணை வரை போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறதோ அந்த இடத்தில் திரும்பிவிடலாம். கிழக்கே போவதில் உள்ள நன்மையே அதுதான்: எங்கே திரும்பினாலும் வரும் வழி இலகு.

நேரக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்காற்றில் இழந்த நேரத்தைப் பின்காற்று முழுவதும் திருப்பித் தராது. காற்றில்லாமல் 15 கிலோமீட்டர் வேகத்தில் பத்துக் கிலோமீட்டர் போய்வர 80 நிமிடம் ஆகும். போகும்போது வேகம் 10 ஆகக் குறைந்து, வரும்போது 20 ஆகக் கூடினால் போக 60 நிமிடம், வர 30 நிமிடம், மொத்தம் 90. ஆகவே வேலைக்கும் பள்ளிக்கும் நேரத்தில் திரும்ப வேண்டியவர்கள் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

காற்று எந்தப் பக்கம் என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். தென்னங்கீற்று சாயும் திசை, மாடியில் காயும் துணி, டீக்கடைப் பாய்லரின் ஆவி இவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காவிரிப் பாலத்தின் மேல்

சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலைக்குப் போகும் காவிரிப் பாலம் 1976-இல் கட்டப்பட்டது. தெருவுக்குள் காற்றே இல்லாத நாளிலும் பாலத்தின் மேல் காற்று இருக்கும். வீடுகளும் மரங்களும் தடுக்காத ஆற்று வெளி அது. ஸ்ரீரங்கம் போகிற நம் பிள்ளைகள் இந்தப் பாலத்தில் தடுமாறாமல் இருக்க இரண்டாவது விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இடப்பக்கமிருந்து வரும் காற்று நம்மைச் சாலையின் நடுவுக்குத் தள்ளும், வலப்பக்கமிருந்து வரும் காற்று ஓரத்துக்குத் தள்ளும்.

நகரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போது வடகிழக்குக் காற்று நமக்கு வலது முன்பக்கம். மிதிப்பது கனமாக இருக்கும், வண்டி கைப்பிடிச் சுவர்ப் பக்கம் ஒதுங்கும். திரும்பும்போது அதே காற்று இடது பின்பக்கம். மிதிப்பது இலகு, ஆனால் வண்டி வாகனங்கள் போகும் பக்கம் தள்ளப்படும். ஆகவே இலகுவாக இருக்கும் திரும்பு பயணத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்று, பஸ் நம்மைக் கடக்கும் கணம். போகும்போது வலப்பக்கமிருந்து வரும் காற்றை பஸ் ஒரு நொடி மறைத்துவிடும். அதுவரை காற்றை எதிர்த்து வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிய நாம் பஸ்ஸின் பக்கம் சாய்வோம். பஸ் போனதும் காற்று திடீரென்று வந்து மோதும். பஸ்ஸின் ஓசை கேட்டதும் வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடித்து, தோளைத் தளர்வாக வைத்து நேராகப் போக வேண்டும். கைப்பிடிச் சுவரை உரசாமல் ஒரு முழ இடைவெளி விட்டுப் போவது நல்லது. காற்று பலமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாலத்தின் மேல் ஒற்றைக் கையால் செல்போன் எடுப்பதை மட்டும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகத் தடை செய்யுங்கள்.

ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தால் உயர்ந்த மதில்களும் வீட்டு வரிசைகளும் காற்றைத் தடுத்துவிடும். மார்கழியில் அங்கே வாசலெங்கும் கோலமிட்டிருப்பார்கள். அரிசி மாவில் ஒருவர் குனிந்து போட்ட கோலத்தின் மேல் நம் சக்கரம் ஏறாமல் ஒதுங்கிப் போவது நம் கடமை. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் பக்தர்கள் பெருங்கூட்டமாக வருவார்கள், போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் அந்தப் பக்கம் போய் நெரிசலைக் கூட்ட வேண்டாம்.

எந்த நேரம் போகலாம்

விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் தரையை ஒட்டிய காற்று அசையாமல் படிந்து கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலே உள்ள வேகக் காற்று கீழே கலக்கத் தொடங்கும். ஒன்பது மணிக்கு மேல் காற்று கூடுவதை நீங்களே கவனிக்கலாம்.

சுப்ஹு தொழுதுவிட்டு அப்படியே கிளம்பப் பலர் விரும்புவார்கள். ஆனால் ஜனவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் உதிக்க 6.30 மணி ஆகிவிடுகிறது. பனிமூட்டமும் சேர்ந்தால் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் போதும். அதற்கு முன்னே போயே ஆக வேண்டியவர்கள் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாமல் போக வேண்டாம். மாலையில் போகிறவர்களுக்கு அஸருக்குப் பின், மஃரிபுக்குள் திரும்பும் நேரம் பொருத்தமானது.

புயல் எச்சரிக்கை வந்த நாளில் மட்டும் இந்தப் பேச்சே வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் மரங்கள் சாய்ந்து கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மழை விட்ட மறுநாளும் ஒடிந்த கிளையும் பள்ளத்தில் தேங்கிய நீரும் சாலையில் இருக்கும்.

உடை

காற்றில் அலையும் துணி பாய்மரம் போன்றது, வண்டியை இழுக்கும். அதைவிட ஆபத்து, அது செயினிலும் ஸ்போக்கிலும் சிக்குவது. பர்தா அணிந்து ஓட்டும் சகோதரிகள் வண்டிக்கு முழுச் செயின் கவரும் பின்சக்கரத்துக்கு வலையும் போட்டுக்கொள்ளுங்கள்; சைக்கிள் கடையில் கிடைக்கும். துப்பட்டாவின் இரு முனைகளையும் உள்ளே செருகிப் பின் குத்துங்கள். பர்தாவின் கீழ்ப்பக்கம் கணுக்காலுக்குக் கீழே தொங்காமல் இருக்கட்டும். உள்ளே பேன்ட் அணிந்தால் கவலை இல்லை. கைலி கட்டி ஓட்டும் பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கனமான ஸ்வெட்டர் நம் ஊருக்குத் தேவையில்லை. கிளம்பும்போது சற்றுக் குளிர்வது போல் இருந்தால் அதுவே சரி; பத்து நிமிடத்தில் உடல் சூடாகிவிடும். காதையும் மார்பையும் மறைத்தால் போதும். வியர்த்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்து டீ குடிக்காமல், வீடு வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். சளியும் காய்ச்சலும் கிருமியால் வருபவை. காற்று மேலே பட்டதால் மட்டும் அவை வந்துவிடாது.

பெண்கள் ஓட்டலாமா?

இந்தக் கேள்வி நம்மிடம் அடிக்கடி வருகிறது. இதற்கு நம் பக்கத்து மாவட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றார்கள். கட்டுப்பாடான முஸ்லிம் குடும்பங்களின் இளம்பெண்களும் அவர்களில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதினார். யார் தயவும் இல்லாமல் ஓரிடத்துக்குப் போய்வர முடிகிறது என்ற தெம்பே தாங்கள் பெற்ற பெரிய லாபம் என்று அந்தப் பெண்கள் கருதினார்கள்.

நம் பெண்பிள்ளைகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறார்கள். பள்ளி முடிந்த மறுநாளே அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது, அல்லது துருப்பிடிக்கிறது. படிப்புக்காக ஓட்டியது தவறில்லை என்றால், உடல் நலத்துக்காகவும் மன மகிழ்ச்சிக்காகவும் அத்தாவோடோ அண்ணனோடோ தோழிகளோடோ ஓட்டுவதும் தவறாகாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் யோசிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.

குடும்பமாகப் போகும்போது ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னால் பலசாலியான ஒருவர் போனால் அவர் காற்றை வாங்கிக்கொள்வார்; பின்னால் வருபவருக்கு மிதிப்பது இலகுவாகும். சிறுவர்கள் நடுவில், கடைசியில் இன்னொரு பெரியவர். இருவருக்கும் இடையே குறைந்தது ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள்.

சர்க்கரை, மூச்சு, நெஞ்சு

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் படிக்கும்போது சர்க்கரை நோயும் அதன் பின்விளைவுகளும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும், பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமும் உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரச் சைக்கிள் போதும், பெரியவர்களின் கணக்கு முடிந்துவிடும். முழங்கால் வலியால் நடக்க முடியாத பலர் சைக்கிள் ஓட்ட முடியும். உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போக வேண்டாம். எதிர்காற்றில் மிதிப்பது நினைப்பதைவிடக் கடுமையான உழைப்பு. இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். கைநடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே இறங்கிச் சாப்பிடுங்கள். இளைப்பு உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று மூச்சிறைப்பைத் தூண்டக்கூடும். முதல் பத்து நிமிடம் மெதுவாக, மூக்கால் மூச்சு விட்டு ஓட்டுங்கள், இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள். இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஓட்டும்போது நெஞ்சு அழுத்தினால் அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். வெயில் இல்லாவிட்டாலும் தண்ணீர் பாட்டில் வேண்டும்.

பழைய சைக்கிளே போதும்

கியர் சைக்கிள் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். நெதர்லாந்து நாட்டில் கடும் காற்று அடிக்கும் நாளுக்காகவே காத்திருந்து, கடல் தடுப்பணையின் மேல் எட்டரைக் கிலோமீட்டர் எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டும் போட்டி ஒன்றை 2013 முதல் நடத்துகிறார்கள். அதில் அனைவருக்கும் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்தான். எதிர்காற்றில் கியர் இல்லாத வண்டிக்கு ஒரே வழி, வேகத்தைக் குறைப்பது. பாதி வேகத்தில் போங்கள். முதுகைச் சற்றுக் குனிந்து, முழங்கையை உள்ளே ஒடுக்கினால் காற்றுப் படும் இடம் குறையும். கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இலகுவான கியருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நின்றுபோன வண்டியை எடுக்கும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள். டயரில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்துவிட்டதா, மழையில் துருவேறிய செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்றா, ஹேண்டில்பார் ஆடுகிறதா. சீட் உயரமும் முக்கியம்: பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும், மிகவும் மடங்கினால் முழங்கால் வலிக்கும். அறக்கட்டளை அலுவலகத்தில் காற்றடிக்கும் பம்பு ஒன்று வைத்திருக்கிறோம். யாரும் வந்து பயன்படுத்தலாம்.

உடல் நமக்குக் கொடுக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவதற்குச் செலவில்லாத, பிள்ளைகளோடு சேர்ந்து மகிழக்கூடிய வழி ஒன்று நம் மாடிப்படிக்குக் கீழேயே நிற்கிறது. இந்த வாரமே வண்டியைத் துடைத்து வையுங்கள். வரும் ஞாயிறு வெளிச்சம் வந்ததும், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அதை எதிர்த்துக் கிளம்புங்கள். தை முடிய இன்னும் நாளிருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.